யாரும் கேட்காத பெட்டி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். அதில் மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. எந்த மூன்று, எந்த இரண்டு என்று வெளியாள் யாராலும் இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கமாக இருப்பது எனக்கு வராது.

எங்கள் தாராவிச் சங்கத்து ஆண்டு மலருக்கு இதை எழுதச் சொன்னவர்கள் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் பட்டறைப் பையன்கள். போன மாதம் ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒருவர் செங்கல் அளவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். பையன்கள் அதைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் சொருகி, ஊதுவத்தி காட்டி, பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். புகை ஊதுவத்தியிலிருந்து மட்டும் வரவில்லை. அதற்கப்புறம் ஃபோனைத் திறந்து கேட்டிருக்கிறார்கள். அந்தக் கார்டுக்கு அந்தப் பெட்டி தாங்காது என்று ஃபோன் சொல்லிவிட்டது. அந்த ஆச்சரியத்தோடு என் வீட்டுக்கு வந்து, “ஆச்சி, ஃபோன் இல்லாத காலத்துல நீங்க இத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்கள். பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, படித்தோம் என்றேன். அவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஏதாவது ரகசியம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆங்கிலத்தில் எண்கள் எல்லாம் தெரியும், எழுத்தில் மூன்று தெரியும்: வோல்ட்டுக்கு வி, ஆம்பியருக்கு ஏ, வாட்டுக்கு டபிள்யூ. கம்ப்யூட்டர் வேலைக்கு அது போதும். மிச்ச எழுத்தெல்லாம் விளம்பரம் எழுதத்தான்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தேன். வீட்டுக்காரர் தோல் பட்டறையில் இருந்தார். அவர் கைக்குச் சொறி வந்து வேலை போனது. நான் காசிம் பாயின் பட்டறையில் தாமிரக் கம்பி சுற்றப் போனேன். அங்கே அப்போது ஸ்டெபிலைசர் செய்தார்கள். சுற்றினேன், சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பாய் பலகையில் பெயரை மாற்றினார். என் கையில் மீட்டரைக் கொடுத்தார். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். இப்போதெல்லாம் இதற்குக் கழுத்தில் பட்டை மாட்டிச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

காசிம் பாய் எங்கள் ஊர்ப் பக்கத்து முஸ்லிம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் டீ வாங்கிக் கொடுப்பார். எதிரே உட்காரவைத்து, நாம் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த டீ தொண்டைக்குள் இறங்குவதற்குள் செய்த தப்பு நமக்கே தெரிந்துவிடும். எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலாளி தங்கமானவர், தினமும் டீ வாங்கித் தருகிறார் என்று ஊருக்கு எழுதுவார்கள்.

கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளைக்கு அவர் வைத்த பெயர் சோற்றுப் பெட்டி. யார் எந்தக் கார்டைக் கொண்டுவந்து போடச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்வி: “எத்தன வாய், எவ்வளவு சோறு?” பதில் சொல்லாமல் யாரும் திருப்புளியைத் தொடக் கூடாது.

பதில் கண்டுபிடிப்பது இப்படித்தான். மூடியைக் கழற்றி, சோற்றுப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளைத் துடைத்துப் படிக்க வேண்டும். அதில் பெரிதாக டபிள்யூ போட்டு நானூறு, ஐநூறு என்று இருக்கும். அதைப் பார்க்கக் கூடாது. அது கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் போடுகிற படிப்பு. கீழே சின்ன எழுத்தில் ஏ என்று இருப்பதுதான் மாப்பிள்ளை வாங்குகிற சம்பளம். மஞ்சள் கம்பியில் பன்னிரண்டு வி, சிவப்புக் கம்பியில் ஐந்து வி. பெருந்தீனிக்காரர்கள் எல்லாம் மஞ்சள் கம்பியில்தான் கை வைப்பார்கள். அதனால் மஞ்சளுக்கு நேரே எத்தனை ஏ என்று பார்க்க வேண்டும். பிறகு பிராசசர், டிஸ்க், விசிறி, ஏற்கெனவே இருக்கும் கார்டு, புதிதாக வரும் கார்டு என்று ஒவ்வொரு வாயாகக் கூட்ட வேண்டும். கூட்டி வந்ததற்கு மேல் அதில் மூன்றில் ஒரு பங்காவது பெட்டியில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது பாய் வைத்த சட்டம். கடைசியில் எல்லாவற்றையும் ஓடவிட்டு, சும்மா இருக்கும் பிளக் ஒன்றில் மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை மஞ்சள் கம்பியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டை ஒட்டி நின்றால் மூடியைப் போடலாம். பதினொன்றரைக்குக் கீழே இறங்கினால் வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். இதில் கஷ்டமானது அந்தக் கடைசி வேலைதான்.

மாட்டுங்கா வைத்தியநாதன் சாரிடம் எனக்கு அந்த வேலை ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது.

அவர் ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் மாடியில் வீடு. மனைவி அலமேலு மாமி இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார், காதும் மந்தம். மூன்று பையன்கள் மூன்று தேசத்தில். மூத்தவர் லண்டனிலிருந்து கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்து, அடுத்த வருஷம் ஒரு கிராபிக்ஸ் கார்டும் கொண்டுவந்தார். அதிலிருந்து ஒயர் இழுத்து மாமியின் அறையிலுள்ள டிவியில் படம் பார்க்கலாம். துபாயில் இருக்கும் நடுப்பிள்ளை, தான் மட்டும் இளைத்தவனா என்று டிவி கார்டு ஒன்று கொண்டுவந்தார். ஏற்கெனவே டிவி இருக்கிற வீட்டில் கம்ப்யூட்டருக்குள்ளும் டிவி. அமெரிக்காவில் இருக்கும் கடைசிப் பிள்ளை அம்மாவுக்குக் காது கேட்க வேண்டும் என்று ஒரு பெரிய சவுண்ட் கார்டு கொண்டுவந்தார். மூன்றும் உள்ளே போனதிலிருந்து கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்போது பொட்டென்று அணைந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள் வைரஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். கழிப்புக் கழித்துத் திருஷ்டிப் பூசணி உடைக்காததுதான் பாக்கி.

நான் போய் மூடியில் கை வைத்ததும் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பெரியவன் சொன்னான், தாராவி ஆள விட்டா உள்ள இருக்கறத மாத்திடுவான்னு. அதனால நான் பக்கத்துலயே ஒக்காந்துக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்கோ.”

அவருக்குப் பொய் சொல்ல வராது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் இதே காரணத்துக்காகத்தான் பக்கத்தில் உட்காருவார்கள், ஆனால் எனக்குக் காற்று வரட்டும் என்று விசிறியைப் போடும் சாக்கில் உட்காருவார்கள்.

“உக்காருங்க சார்,” என்றேன். “இந்த ஸ்க்ரூவையும் கையில வச்சுக்கிடுங்க. ஒண்ணு குறைஞ்சா நான் தின்னுட்டேன்னு லண்டனுக்குத் தாக்கல் போயிரும்.”

உள்ளே பார்த்தால் கார்டுக்குக் கார்டு வெள்ளைத் தாளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். சீர் வந்த பாத்திரத்தில் இன்னார் கொடுத்தது என்று பெயர் வெட்டுவோமே, அந்த மாதிரி. பெரியவன், நடுவன், சின்னவன். எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. சோற்றுப் பெட்டியில் மஞ்சளுக்குப் பதினாறு ஏ. நான் ஒவ்வொரு வாயாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன். பிராசசருக்கு எட்டு, கிராபிக்ஸ் கார்டுக்கு ஐந்து, டிஸ்குக்கு ஒன்று, சிடி டிரைவுக்கு ஒன்று, மற்ற இரண்டு கார்டுக்கும் அரை அரை.

“விசிறி?” என்றார்.

விசிறியை நான் விட்டிருந்தேன். ரயில்வே கணக்குக்காரரிடம் மாட்டினால் இப்படித்தான். அதற்கு ஒரு அரை. ஆகப் பதினாறரை. நான் விளக்கத் தொடங்கும் முன்பே அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். ஏதாவது ஒரு சின்னக் கார்டை எடுத்தால் சரியாகப் பதினாறு, மூச்சு முட்டிக்கொண்டாவது ஓடும்; இரண்டும் இருந்தால் நிற்கும். சின்னக் கார்டுகள் ஒன்றும் பெரிய தீனி இல்லைதான். ஆனால் காலை நேரத்துத் தாதர் ரயிலில் கடைசியாக ஏறுகிற ஒல்லி ஆள்தானே மொத்தப் பெட்டியையும் கத்தவைக்கிறார்.

பெரிய சோற்றுப் பெட்டி போடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கியது. காசு பிரச்சினை இல்லை. “பெரியவன் வாங்கிக் குடுத்த பொட்டி போறலைன்னு அவனண்ட எப்படிச் சொல்றது?” என்றார். அப்படியானால் டிவி கார்டை எடுத்து அலமாரியில் வையுங்கள் என்றேன். நடுவன் ஃபோன் செய்தால் முதல் கேள்வியே என் கார்டு எப்படி ஓடுகிறது என்பதுதானாம். அலமாரியில் ஓடுகிறது என்று அவரால் சொல்ல முடியாது. பையன்களிடமே கேட்டும் பார்த்துவிட்டார். மூன்று பேரும் ஒற்றுமையாக ஒரே பதில் சொன்னார்கள்: அடுத்தவனுடைய கார்டில்தான் கோளாறு, அதைக் கழற்று.

பிறகு நடந்ததை நான் எங்கே சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நடுவன் வெள்ளிக்கிழமை பேசுவார், சின்னவன் ஞாயிற்றுக்கிழமை. ஆகவே வியாழக்கிழமை நான் போய்ச் சவுண்ட் கார்டை எடுத்து டிவி கார்டைப் போடுவேன். சனிக்கிழமை போய் டிவி கார்டை எடுத்துச் சவுண்ட் கார்டைப் போடுவேன். பெரியவர் கார்டு மட்டும் அசையாது, அவர் பெரியவர். கோயிலில் உற்சவருக்கு அலங்காரம் மாற்றுகிற குருக்கள்கூட என்னைவிடக் குறைவாகத்தான் மாற்றியிருப்பார். கேட்கிற அன்றைக்குக் கார்டு உள்ளே இருந்தால் ‘இருக்கிறது’ என்று சொல்வது பொய் இல்லை என்பது சாரின் கணக்கு. காசிம் பாய் இதைக் கேட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு, “போய் மாத்திட்டு வா பேச்சி, அது அவுக குடும்ப வழக்கம்,” என்றார்.

நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் இன்னொருத்தியைப் பார்ப்பேன். சாரின் மகள் ஜெயா. செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து, அம்மாவைத் துடைத்துவிட்டு, உடை மாற்றி, ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு, திரும்ப பஸ் பிடித்துப் போவாள். தினமும். கம்ப்யூட்டரில் அவள் பெயர் ஒட்டிய சாமான் எதுவும் கிடையாது. அவள் என்ன கொடுத்தாள் என்று யாரும் கேட்டதாகவும் எனக்குத் தெரியாது.

மழை ஓயும் சமயம் மூத்தவரின் மகளுக்கு லண்டனில் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகும் வயசுவரை மாமியிடம் மாட்டுங்காவில் வளர்ந்தவள். மாமியால் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியாது, லண்டனுக்கு எங்கே போவது? கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று ஏற்பாடு. அங்கே காலை முகூர்த்தம், நமக்கு மத்தியானம். மாமி பார்க்கக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும், கேட்கச் சவுண்ட் கார்டு வேண்டும். மூன்று பையன்களும் ஒரே மண்டபத்தில் ஒரே கேமரா முன்னால் வந்து நிற்பார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். சாரின் அலங்கார முறை செல்லாது. டிவி கார்டும் உள்ளே இருக்க வேண்டும். இருந்தால் தாலி கட்டும் நேரத்தில் பொட்டென்று அணையும்.

நான் சோதித்தும் பார்த்துவிட்டேன். மூன்றையும் போட்டு, கேமராவையும் மாட்டி, மாமி அறை டிவியையும் ஓடவிட்டு மஞ்சள் கம்பியில் மீட்டரை வைத்தேன். பதினொன்று புள்ளி ஆறு, நாலு, இரண்டு. செத்தது. உள்ளறையிலிருந்து மாமி கூப்பிட்டார். போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அன்னிக்கு நடுவுல நின்னுடாதோன்னோ? அந்தக் கொழந்தைய இன்னொரு தரம் நான் எங்க பாக்கப்போறேன்?”

நிற்காது மாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். சாருக்கு வராத பொய் எனக்கு நன்றாக வரும்.

பட்டறைக்குப் போய்ப் பாயிடம் ஒரு யோசனை சொன்னேன். டிவி கார்டைத் துளையில் பாதிதான் சொருகுவோம். பார்ப்பதற்கு உள்ளே இருக்கும், சோறு கேட்காது. சாரும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது. பாய் டீ சொன்னார். முழுசாகக் குடிக்கவைத்தார். டம்ளரைக் கீழே வைத்ததும், “பாதி சொருகுன கார்டு கோணிக்கிட்டு ஒரு கால் இன்னொரு கால்ல ஒட்டும். கார்டு போகாது, போர்டே போகும். அந்தக் கிழவி எதப் பாப்பா?” என்றார். எனக்குத் தெரியாத விஷயமா அது? தெரியும். சாரோடு பழகிப் பழகி எனக்கும் புத்தி கோணிவிட்டிருந்தது.

மறுநாள் நேரே போய்ச் சாரிடம் கறாராகச் சொன்னேன். நடுப்பிள்ளையா, பேத்தி கல்யாணமா, ஒன்றைச் சொல்லுங்கள், அதன்படி கழற்றுகிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மேசையில் விரலால் ஏதோ கூட்டினார், அடித்தார், மறுபடி கூட்டினார். பதினாறரை எந்த வழியில் கூட்டினாலும் பதினாறரைதான். அந்த மனிதரை அன்றைக்குப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நான் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஜெயா சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இறங்கும்போது படிக்கட்டுவரை வந்தாள். அந்தப் பெட்டிக்குப் பொருந்துகிற மாதிரி, எல்லாவற்றுக்கும் போதுகிற மாதிரி பவர் சப்ளை எது என்று கேட்டாள். அளவும், மஞ்சளுக்கு இருபத்துநாலு ஏ இருக்க வேண்டும் என்பதும் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு எங்கள் பட்டறைக்கே வந்தாள். பாய் மூன்று பெட்டிகளைப் பிரித்துக் காட்டி, ஒன்றைத் தானே பொறுக்கிக் கொடுத்தார்.

பெட்டியோடு நானும் அவளும் வீட்டுக்குள் நுழைந்ததும் சார் எழுந்துவிட்டார். பெரியவன் கொடுத்ததை எடுத்துவிட்டு இதையா, அவன் கேட்டால் என்ன சொல்வது என்றார்.

ஜெயா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்ப்பா. கார்டப் பத்திக் கேப்பா. இதப் பத்தி யாரும் கேக்க மாட்டா.”

சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு உட்கார்ந்து, ஸ்க்ரூவை வாங்கிக்கொள்ள எனக்கு முன்னால் கையை நீட்டினார்.

பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மூன்று கார்டையும் முழுசாகச் சொருகினேன். மீட்டர் பன்னிரண்டிலேயே நின்றது, அங்கிருந்து அசையவில்லை.

கல்யாணத்தன்று பாய் என்னை மீட்டரோடு அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்த டாக்டர் மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஜெயா மாமியைத் தூக்கிச் சாய்த்து, முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பெண் வந்து மணையில் உட்கார்ந்தாள். மேளம் அந்தச் சவுண்ட் கார்டில் கேட்டதில் கீழ்வீட்டுக்காரர்கள் ஏறி வந்துவிட்டார்கள். தாலி கட்டினார்கள். மாமி சத்தமில்லாமல் இரண்டு கையையும் தூக்கி டிவியைப் பார்த்து அட்சதை போட்டார். கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

அப்புறம் பிள்ளைகள் மூவரும் பட்டு வேட்டியில் கேமரா முன்னால் வந்தார்கள். படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரியவர் கேட்டார். தெரிகிறது. தன் கார்டு இருக்கிறதா என்று நடுப்பிள்ளை கேட்டார். இருக்கிறது. அம்மாவுக்குக் கேட்கிறதா என்று சின்னவர் கேட்டார். கேட்கிறது. சார் மூன்றுக்கும் தலையை நிமிர்த்திப் பதில் சொன்னார். நாலாவது கேள்விக்காக இரண்டு மூச்சு நேரம் காத்திருந்ததுபோல எனக்குப் பட்டது. யாரும் கேட்கவில்லை. பந்தி ஆரம்பித்துவிட்டது என்று மூவரும் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் பட்டறைக்குச் சார் ஃபோன் செய்தார், என்னை அனுப்பும்படி. மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்து மூடியைக் கழற்றுங்கோ என்றார். கழற்றினேன். சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, பசை தடவி, சோற்றுப் பெட்டியின் மேல் ஒட்டி, விரலால் நாலு பக்கமும் நீவினார். ஜெயா என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“மூடினா யாருக்கும் தெரியாது சார்,” என்றேன்.

“தெரிய வேண்டாம். கணக்குல இருக்கணும்,” என்றார்.

மூடினேன். அதற்கு நான் கூலி வாங்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வழக்கமான கூலி, வழக்கம்போல வாங்கினேன்.

இப்போது பையன்கள் ஃபோனைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். இன்ன கார்டுக்கு இவ்வளவு என்று அது சரியாகத்தான் சொல்கிறது. எத்தனை வாய் என்பதும் எவ்வளவு சோறு என்பதும் தெரிந்துவிடும். அந்தச் சோற்றை யார் போடப்போகிறார்கள் என்பதற்கு மட்டும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியிருக்கும். அதற்கு நான் வர மாட்டேன். எனக்கு முட்டி வலி.

இவ்வளவும் நான் சொல்ல, எங்கள் வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே பேத்தி காவ்யா எழுதினாள். அச்சில் வருகிற விஷயம், பேச்சு மாதிரி இருக்கக் கூடாது என்று தானே திருத்தியும் கொண்டாள். நடுநடுவே கொட்டாவியும் விட்டாள்.

ஏட்டி காவ்யா, எங்க எந்திரிக்க? உக்காரு. இனி முதல்லயிருந்து வாசி. மத்தவிய பேரு விட்டுருந்தா போட்டும். அந்தப் பிள்ள ஜெயா பேர மட்டும் எங்கயாவது விட்டுருந்த, உனக்கு இன்னைக்குச் சோறு கிடையாது.